முன்பக்கத்து ஆங்கர்கள்

"நான் செஞ்சதுதான் சார். எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்," என்றார் ஆங்கர்காரர்.

காலையிலிருந்து அவர் இதைச் சொல்வது எத்தனையாவது தடவை என்று அரைக்கண் எண்ணவில்லை. எண்ணுவதற்கும் தெம்பு வேண்டும்.

வேனின் முன்சீட்டில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இமைகள் வழக்கம்போலப் பாதி இறங்கியிருந்தன. அந்த இமைகளைப் பார்த்து ஒரு காவல் நிலையத்தில் கேலியாக வைத்த பெயர்தான் அரைக்கண். பிறகு அந்த அரைக்கண் பார்த்துச் சொன்ன சில விஷயங்களால் அந்த நிலையத்தின் முழுக்கண்கள் இரண்டு மூன்று வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயின. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

வண்டியை ஓட்டியவள் குண்டூசி. உடம்பு ஒல்லி, வாய் கூர்மை. முன்பு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவள். யார் வீட்டுக் கொல்லைக்குள்ளும் கேட்காமல் நுழைகிற கூச்சமின்மை அந்த வேலையில் வந்தது. அதற்காகவே அரைக்கண் தன் துப்பறியும் வேலையில் அவளை உதவிக்கு வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஏன் சார் அலைச்சல்?" என்றார் ஆங்கர்காரர் மறுபடி. "அன்னிக்கு நான் அவசரத்துல இருந்தேன். முன்பக்கத்து ரெண்டையும் கடைசிச் சுத்து சுத்தினேனா இல்லையான்னு ஞாபகமே வரல. எவ்வளவு யோசிச்சாலும் வரல."

"ஞாபகம் வராததுக்கெல்லாம் ஜெயிலுக்குப் போறதா இருந்தா, எங்க பாஸ் இந்நேரம் ஆயுள் தண்டனைல இருப்பாரு," என்றாள் குண்டூசி. "பேசாம வாங்கண்ணே. உங்க வீட்டம்மாதான் எங்களைக் கூப்பிட்டாங்க. நீங்க வேணாம்னு சொன்னா செல்லாது."

விஷயம் இதுதான். தையல்காரர் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு அதில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். பலகைத் தளம், தகரச் சுவர், தகரக் கூரை. காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் ஆங்கர் இறக்கிக் கொடுத்தவர்தான் இப்போது பின்சீட்டில் இருப்பவர். ஆங்கர் என்றால் கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. அடியில் திருகு மாதிரி சுருண்ட தகடு. மேலே சதுரமான ஒரு வளையம். வளையத்துக்குக் கீழே ஒரு கொக்கி. வளையத்துக்குள் இரும்புக் குழாயைச் செருகிச் சுற்றிச் சுற்றி வந்தால் தண்டு மண்ணுக்குள் இறங்கும். கடைசிச் சுற்றில் கொக்கி வந்து கொட்டகையின் அடிக்கட்டையைக் கவ்விக்கொள்ளும்.

போன வாரம் அடித்த காற்றில் முன்பக்கத்து ஆங்கர்கள் இரண்டும் பிடுங்கிக்கொண்டன. கொட்டகை முதலை வாயைத் திறப்பதுபோல முன்பக்கம் தூக்கி, அதே வேகத்தில் மூடியது. மூடியபோது அடியில் தையல்காரர் இருந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இனிமேல் மெஷின் பெடலை மிதிப்பாரா என்று கேட்டால் டாக்டர் கண்ணாடியைத் துடைக்கிறார்.

தையல்காரரின் மனைவி புகார் கொடுத்துவிட்டார். ஆங்கர்காரர் அஜாக்கிரதையாக வேலை செய்தார் என்று. வழக்குப் பதிவானால் தொழில் லைசென்ஸ் போகும். ஆளும் உள்ளே போவார். இன்ஸ்பெக்டர் போனில் சொன்னது சுருக்கம்: "சாயங்காலம் அந்த ஆள் தானே வந்து ஒப்புக்கறேங்கறாரு. அதுக்குள்ள நீங்க ஏதாவது கொண்டு வந்தா பார்க்கலாம். எனக்கென்ன, ரெண்டும் ஒண்ணுதான்."

வேன் நின்றது. "நீங்க வண்டியிலயே இருங்க," என்று ஆங்கர்காரரிடம் சொல்லிவிட்டு அரைக்கண் இறங்கினார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன.

கதவைத் திறந்தது தையல்காரரின் மனைவி. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். இருந்தும் புடவை மடிப்பு கலையவில்லை.

"அந்த ஆளைக் காப்பாத்தத்தானே வந்திருக்கீங்க?"

"பார்க்க வந்திருக்கேம்மா."

"பாருங்க. நல்லாப் பாருங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு தப்பும் பண்ணல. தைக்கிறதுண்டு, சாப்பிடறதுண்டு, தூங்கறதுண்டு. அவரு எழுந்து நிப்பாரான்னு தெரியல. அந்த ஆளு மட்டும் நடமாடிக்கிட்டு இருக்கணுமா?"

அரைக்கண் தண்ணீர் கேட்டார். கேட்டதற்குக் காரணம் தாகம்தான். கோபத்திலும் அந்த அம்மா கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரை அலமாரியில் கைபட்ட இடத்தில் வைத்தார். அந்த அம்மா பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்து, கழுவி, துடைத்து, இரண்டாவது தட்டில் மூன்றாவது இடத்தில் வைத்தார். அந்த இடத்தில் பலகை லேசாக வட்டமாக வெளுத்திருந்தது. பக்கத்தில் இருந்த டப்பாக்களின் பெயர்ச்சீட்டெல்லாம் ஒரே திசையில் பார்த்தன.

"கொல்லைக் கதவைத் தெறந்து விடறேன். போகும்போது கொண்டியை இருந்தபடியே போட்டுட்டுப் போங்க. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்."

கொல்லைக்கு வந்ததும் குண்டூசி மெதுவாகச் சொன்னாள். "இந்த வீட்ல ஒரு பொருள் தொலையணும்னா விண்ணப்பம் குடுக்கணும் போல, பாஸ்."

கொட்டகையை நாலைந்து பேராகச் சேர்ந்து, பின்பக்கத்து அடிக்கட்டையை உடைத்து விடுவித்து, ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். கசங்கிய தகர டப்பா மாதிரி கிடந்தது. அது நின்ற இடத்தில் செவ்வகமாக வெளிறிய மண். பின்பக்கத்து ஆங்கர்கள் இரண்டும் இன்னும் மண்ணுக்குள் இருந்தன. குண்டூசி ஒன்றை உதைத்துப் பார்த்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள்.

"மலை மாதிரி நிக்குது, பாஸ்."

முன்பக்கத்து இரண்டும் அவற்றின் குழிகளுக்குப் பக்கத்தில் கிடந்தன. போலீஸ்காரர்கள் அவற்றை அடிக்கட்டையிலிருந்து விடுவித்துப் படம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். அரைக்கண் குந்தி உட்கார்ந்தார். எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும் என்பது உட்காரும்போதே தெரிந்தது.

"தண்டு வளைஞ்சிருக்கா?"

"இல்ல. முள்ளங்கி மாதிரி நேரா வந்திருக்கு."

"வளையத்துக்கு உள்பக்கம் பாரு."

"கருப்பு பெயின்ட்."

"பெயின்ட் போன எடத்தைச் சொல்லு. மொதல்ல பின்பக்கத்து ரெண்டும்."

குண்டூசி போய்க் குனிந்து பார்த்தாள். "ரெண்டு எடத்துல பளபளங்குது. எதிரெதிர் மூலை. குழாய் ஒரசின தழும்பு. இந்தப் பக்கத்து ஆங்கர்லயும் அதே ரெண்டு மூலை."

"இப்ப இது ரெண்டும்."

அவள் வந்து பார்த்தாள். வளையத்தைத் திருப்பினாள். மறுபடி பார்த்தாள்.

"நாலு மூலையிலயும் போயிருக்கு."

"குழாயை உள்ள விட்டு வலப்பக்கம் சுத்தினா ரெண்டு மூலை ஒரசும். இடப்பக்கம் சுத்தினா?"

"மத்த ரெண்டு." அவள் எழுந்து நின்றாள். "வலப்பக்கம் இறக்கறதுக்கு. இடப்பக்கம்… பாஸ், யாரோ கழட்டியிருக்காங்க!"

"கழட்டித் திரும்ப இறக்கியும் இருக்காங்க. தூக்கிவிட வந்த ஜனங்க போலீஸ்ல சொன்னதை மறந்துட்டியா? ரெண்டு ஆங்கரும் அடிக்கட்டையைக் கவ்விக்கிட்டே தொங்கிச்சு. அதாவது காத்து வர்றப்ப மாட்டித்தான் இருந்துது." அரைக்கண் தரையைச் சுட்டினார். "மூலைக்கு ஒரு குழிதான். எடுத்த குழியிலயே போட்டிருக்காங்க."

"பக்கத்து வீட்டுக்காரர்," என்றாள் குண்டூசி உடனே. "இந்தக் கொட்டகை அவரு ஜன்னலை மறைச்சு நின்னிருக்கு பாருங்க. வெளிச்சம் போச்சுன்னு சண்டை. என் கணக்கு எப்பவும் தப்பாது."

"மீட்டர் வேலையை விட்டு ஏன் நின்ன?"

"கணக்கு தப்பாப் போச்சுன்னு நிறுத்திட்டாங்க. அது வேற விஷயம்."

மதிலுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. வழுக்கை, மூக்குக்கண்ணாடி.

"யாரு நீங்க? போலீஸா?"

"கரண்ட் மீட்டர்," என்றாள் குண்டூசி பழக்கதோஷத்தில்.

"மீட்டர் முன்பக்கம் இருக்கு."

"தெரியும் சார். இது முன்னாள் மீட்டர்," என்றாள். அரைக்கண் தன் கார்டை மதில் மேல் நீட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் அதை இரண்டு பக்கமும் படித்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. அதையும் படித்தார்.

"என்னைச் சந்தேகப்பட்டுத்தானே வந்தீங்க? ஊரே படுது. வெளிச்சத்துக்காக ரெண்டு வார்த்தை பேசினேன், வாஸ்தவம். அதுக்காக ஒரு மனுஷன் இடுப்பை ஒடைப்பேனா? நான் நெஜமாச் சண்டை போட்டது நாத்தத்துக்கு."

"என்ன நாத்தம்?"

"எலி! கொட்டகைப் பலகைக்கு அடியில எங்கேயோ புகுந்து செத்துப்போச்சு. வீட்டுக்குள்ள சோறு எறங்கல எங்களுக்கு. அந்த மனுஷன்கிட்டப் போய்ச் சொன்னா, 'அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே, நாளைக்குப் பார்க்கறேன்'ங்கறாரு. தினமும் நாளைக்கு. அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு காய்ச்சல்ல மூக்கு செத்துப்போச்சு அவருக்கு. இஸ்திரி போடறப்ப சட்டை கருகினா தெருவுக்கே தெரியும். அவருக்குத் தெரியாது."

"அப்புறம் எலியை யார் எடுத்தாங்க?"

"யாரு கண்டா? ஒருநாள் நான் வெளிய போயிட்டு வந்தேன், நாத்தம் போயிருந்துது. பிளீச்சிங் பவுடர் வாசனைதான் அடிச்சுது. சரி, ஒருவழியா எடுத்துட்டாருன்னு நெனச்சேன்."

குண்டூசி வெளிறிய மண்ணில் முட்டிபோட்டு விரலால் கீறினாள். அங்கங்கே வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. முன்விளிம்பில் உள்ளங்கை அளவு சதுரமாக ஒரு பள்ளம்.

"ஜாக்கி வெச்ச தடம்," என்றாள். "கார் டயர் மாத்தற ஜாக்கி. முன்பக்கத்து ஆங்கரைக் கழட்டி, ஜாக்கி வெச்சு முன்பக்கத்தைத் தூக்கி, எலியை எடுத்து, பவுடரைப் போட்டு, எறக்கி, மறுபடி மாட்டியிருக்காங்க. எலிக்கு இவ்வளவு பெரிய காரியமா!"

அரைக்கண் மதிலைப் பார்த்தார். "காத்தடிச்ச அன்னிக்கு நீங்க வீட்லதானே இருந்தீங்க?"

"இந்த ஜன்னல்லதான் நின்னேன். காத்து அப்பத்தான் ஆரம்பிச்சுது. கொட்டகை அசையக்கூட இல்ல. அதுக்குள்ள அந்த மனுஷன் கயித்தை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு. நேரா முன் மூலைக்கு."

"பின்பக்கம்?"

"திரும்பிக்கூடப் பார்க்கல. முன்பக்கத்துக் கட்டையில கயித்தைச் சுத்திப் புடிச்சுக்கிட்டுத் தொங்கினாரு. நான் கத்தினேன், விட்டுட்டு வாங்கய்யான்னு. கேட்டாத்தானே."

அரைக்கண் பவுடரில் கொஞ்சம் வழித்து ஒரு தாளில் மடித்துக்கொண்டார். குண்டூசி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். போகும்போது கொண்டியை இருந்தபடியே போட்டார்.

வேனில் ஆங்கர்காரரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் மடியில் இருந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டினாங்களா? முழுசாவா?" என்றார் கடைசியில். "ஒரு சுத்து சுத்தினாலே கொக்கி விலகிடுமே சார். அப்புறம் கட்டையைத் தூக்கிக்கலாம். எதுக்கு முழுசா எடுத்தாங்க?"

"தெரியாதவங்க."

"தெரியாதவங்கதான். இல்லன்னா அதே குழியில போடுவாங்களா? ஒருதடவை முழுசா வெளிய எடுத்துட்டா அது செத்த குழி சார். மண்ணு பொலபொலன்னு ஆயிடும். மேல இறுகின மாதிரிதான் தெரியும். ஒரு மழை பெஞ்சா கையாலயே உருவிடலாம். ரெண்டு சாண் தள்ளிப் புது எடத்துல போடணும். அடிக்கட்டை நீளத்துக்கு எங்க வேணா போடலாமே."

"அட, அப்ப ஒரு சோம்பேறி கழட்டியிருந்தா வந்த எடத்துல குத்திட்டுப் போயிருப்பான், அது நின்னிருக்கும்," என்று சிரித்தாள் குண்டூசி. "எடுத்த எடத்துலயேதான் வைக்கணும்னு நெனைக்கிற ஆளு கழட்டினதாலதான்…"

சிரிப்பு பாதியில் நின்றது. அரைக்கண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் முன்பெல்லாம் உள்ளுக்குள் ஏதோ துள்ளும். அது எப்போது நின்றுபோனது என்று அவருக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் கண்டுபிடித்தவுடன் தோன்றுவது ஒன்றுதான்: இதை யாரிடமாவது போய்ச் சொல்லியாக வேண்டும்.

"யாரு சார் கழட்டினது?" என்றார் ஆங்கர்காரர்.

"ஆஸ்பத்திரிக்கு விடு," என்றார் அரைக்கண் குண்டூசியிடம்.

"ஏன் பாஸ் ஆஸ்பத்திரி? அவங்க இன்னும் வீட்லேர்ந்து கிளம்பலையே—"

"கயித்தோட ஓடினவர் ஆஸ்பத்திரில இருக்காரு."

தையல்காரர் மல்லாந்து படுத்திருந்தார். ஒரு காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முகத்தில் மட்டும் அடியில்லை. அறையில் இன்னொரு கட்டில் காலியாக இருந்தது. அரைக்கண் அதைக் கொஞ்ச நேரம் ஆசையோடு பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்வி. நாலு மூலை இருக்க, முன்பக்கத்துக்கு ஏன் ஓடினீங்க?"

"காத்தடிச்சுது, ஓடினேன். அப்ப மூலை பார்த்தா ஓடுவாங்க?"

"நீங்க பார்த்து ஓடியிருக்கீங்க. அது ரெண்டும் பிடிக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

தையல்காரர் கூரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது.

"சரி. சொல்லிடறேன்," என்றார். "நான்தான் கழட்டினேன். எலி ஒண்ணு செத்துக் கெடந்துது. நாத்தம் தாங்கல. ஆங்கரைக் கழட்டி, தூக்கி, எலியை எடுத்துப்போட்டுட்டுத் திரும்ப மாட்டினேன். அது பிடிக்காதுன்னு அப்பத் தெரியல. அந்த ஆங்கர்காரர் மேல தப்பு இல்ல. எழுதிக்குங்க."

குண்டூசிக்கு நிம்மதியாகப் பெருமூச்சு வந்தது. அரைக்கண்ணுக்கு வரவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். தையல்காரரின் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது என்ன, சொல்லுங்க."

தையல்காரர் பார்த்தார். மூச்சை இழுத்தார். "சுண்ணாம்பா? மாவா?"

இரண்டு கை தூரத்தில் நின்ற குண்டூசி மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் அவளைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "நான் தூங்கறேன்னு நெனச்சா. மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். தன்னைவிட நீளக் குழாயைப் போட்டுச் சுத்திச் சுத்தி வர்றா. போய் ஒரு கை புடிச்சிருக்கலாம். நாளைக்கு நாளைக்குன்னு சொன்ன மூஞ்சியை எப்படிக் காட்டறது? அவளே முடிச்சுட்டா. பேசாம வந்து படுத்துட்டேன்."

"பிடிக்காதுன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"அப்புறம் ஒரு மழை பெஞ்சுது. கால் பட்டு வளையம் ஆடுச்சு. கையால அசைச்சா ரெண்டும் அசையுது. ஆங்கர்காரரைக் கூப்பிட்டா யார் கழட்டினதுன்னு கேப்பாரு, அவளுக்குச் சங்கடம். நானே பார்த்துக்கலாம், நாளைக்கு…" வார்த்தையைக் கேட்டதும் அவரே நிறுத்திக்கொண்டார்.

"அந்த ஆளு இப்ப கீழ வண்டில இருக்காரு. சாயங்காலம் உள்ள போகப்போறாரு. தானே செஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டு."

"எனக்கு நெனவு வர்றதுக்குள்ள அவ புகார் குடுத்துட்டா சார். வாயைத் தெறக்க முடியல. முதுகு புண்ணாகாம இருக்கணும்னு தினமும் அவதான் என்னைத் திருப்பிப் படுக்க வைக்கிறா. நர்ஸைத் தொட விடமாட்டா. அவ கையாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா, அந்தக் கையால என்னை எப்படித் திருப்புவா?"

குண்டூசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் கழட்டினேன்னே இருக்கட்டும்," என்றார் தையல்காரர். "இன்ஸ்பெக்டருக்கு என் மூக்கு தெரியாது. அந்த ஆளு வெளிய வந்துருவாரு. அவளும் தப்பிச்சுருவா. இதுல யாருக்கு நஷ்டம், நீங்களே சொல்லுங்க."

அரைக்கண் பதில் தேடினார். உண்மை, நியாயம் என்றெல்லாம் சில சொற்கள் உண்டு. அவை எல்லாம் அவ்வளவு தூரத்தில் இருந்தன. எழுந்து போய் எடுத்துவர முடியாது என்று தோன்றியது.

"எழுது," என்றார் குண்டூசியிடம்.

அவள் பேனாவைத் திறந்தபோது கதவு திறந்தது.

கையில் துணிப்பையோடு தையல்காரரின் மனைவி நின்றார். "அந்த ஆளைக் கீழ வரைக்கும் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க," என்றார் அரைக்கண்ணிடம். "மன்னிப்புக் கேட்க வெக்கலாம்னு பார்க்கறீங்களா?"

"இங்க பாரு," என்றார் தையல்காரர் அவசரமாக. "அந்த ஆளை விட்டுடு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. முன்பக்கத்து ஆங்கரைக் கழட்டினது நான்தான். திரும்ப அதே குழியிலயே போட்டுட்டேன். அப்படிப் போட்டா பிடிக்காதாம். அதனாலதான் காத்துக்கு வந்துடுச்சு. இவங்ககிட்டச் சொல்லிட்டேன், முடிஞ்சு போச்சு."

அரைக்கண் கையை உயர்த்தினார். அதற்குள் தாமதமாகிவிட்டது.

ஆங்கர் ஏன் பிடுங்கிக்கொண்டது என்று அதுவரை அந்த அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதைக் கழட்டியது யார் என்பது அவருக்கு மட்டும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவரைக் காப்பாற்றக் கணவர் சொன்ன பொய்யில், அவருக்குத் தெரியாமல் இருந்த பாதி, அதே குழி பிடிக்காது என்பது, முழுதாக இருந்தது.

அந்த அம்மா பையைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். பையின் காது நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அரைக்கண்ணிடம் கேட்டார்.

"அதே குழியில போட்டா பிடிக்காதா?"

"பிடிக்காதும்மா."

"வேற எடத்துல போட்டிருந்தா?"

அரைக்கண் பவுடர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதுவே பதிலாகிவிட்டது.

"நான்தான்னு சொல்றேன்ல—" என்றார் தையல்காரர்.

"நீங்க சும்மா இருங்க."

கட்டிலுக்குப் பக்கத்தில் போனார். ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் இன்னொன்றை இடுப்புக்குக் கீழேயும் கொடுத்தார். தொங்குகிற கால் அசையாமல் கணவனை மெல்ல ஒருக்களித்து, முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தார். தையல்காரரின் முகம் இப்போது சுவரைப் பார்த்திருந்தது. அவருடைய தோள் குலுங்கியது. அந்த அம்மா போர்வையை இழுத்து அதன் மேல் போட்டார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"போயிட்டு வந்துடறேன். அசையாம படுங்க."

மாடிப்படியில் மூன்று பேரும் இறங்கினார்கள்.

அந்த அம்மா வருவதைப் பார்த்ததும் ஆங்கர்காரர் வேனிலிருந்து இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திட்டு வாங்கத் தயாராகிற நிலை.

"உங்க ஆங்கரை நான்தான் கழட்டினேன்," என்றார் அந்த அம்மா. "அடியில எலி செத்திருந்துது. எடுத்துட்டு அதே குழியில திரும்ப வெச்சேன். எவ்வளவு ஆழம் இருந்துதோ அவ்வளவு ஆழம். அளந்து பார்த்துத்தான் வெச்சேன். புகார் குடுத்தப்ப அது ஞாபகத்துக்கே வரல. நான்தான் சரியா வெச்சுட்டேனே."

ஆங்கர்காரர் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் கடைசிச் சுத்து சுத்தியிருக்கேன்," என்றார். யாரிடமும் இல்லை. தனக்குத்தானே. முகத்தை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். ஒல்லியான தோள், மெலிந்த மணிக்கட்டு. ஏதோ கேட்க வந்தது அவர் வாயில் மாறியது அரைக்கண்ணுக்குத் தெரிந்தது.

"தனியாவாம்மா கழட்டினீங்க?"

"ஆமா."

"கஷ்டமாச்சேம்மா. நாங்களே ரெண்டு பேர் நிப்போமே அதுக்கு."

அவ்வளவுதான். அதுவரை அழாத அந்த அம்மா வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆங்கர்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் குழாயை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அங்கே அழுகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அரைக்கண் காத்திருந்தார். காத்திருப்பது ஒன்றுதான் அவருக்கு இன்னும் நன்றாக வந்தது.

அழுகை நின்றதும் முன்சீட்டுக் கதவைத் திறந்து அந்த அம்மாவை உட்கார வைத்தார். தான் பின்னால் போய் ஆங்கர்காரருக்குப் பக்கத்தில், இரும்புத் தண்டுகளுக்கு நடுவில் காலை மடக்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். "கிளம்பிடாதீங்க. ஆள் மாறி வருது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

வண்டி நகர்ந்தது. ஸ்டேஷன் இருக்கிற தெரு தெரிய ஆரம்பித்தபோது அந்த அம்மா முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"நான் ஸ்டேஷனுக்குள்ள போனதே புகார் குடுக்கத்தான் சார். இப்ப மொதல்ல என்ன சொல்லணும்?"

அரைக்கண் கண்ணை மூடிக்கொண்டார்.

"எலியிலேர்ந்து ஆரம்பிங்கம்மா," என்றார்.